மாஸ்டருக்கு ஒரு பாராட்டு விழா

1

ஆரஞ்சுப் பழத்தை நான்காக அறுத்து, ஓடி முடித்து வரும் பிள்ளைகளிடம் நீட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த வேலைக்கு நான் யோக்கியமானவள் என்று போலீஸ் எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

நார்வே நாட்டில், பேர்கன் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சிறிய ஊரில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. பிறந்தது கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் பகுதியில் இருபது வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். மகள் மீராவுக்கு இப்போது பதினைந்து வயது. இங்குள்ள தடகளக் கிளப்பில் ஓடுகிறாள். கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பெற்றோர்தான் முறை வைத்து எல்லா வேலையும் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சித்திரை மாதத்தில் என் முறை வந்தது.

விண்ணப்பத்தில் 'எதற்காக' என்ற கட்டத்தில் 'ஆரஞ்சு கொடுக்க' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. 'சிறுவர்களோடு பழகும் பொறுப்பு' என்று எழுத வேண்டுமாம். மாற்றி எழுதினேன். கிளப்பின் கடிதம் இணைக்கவில்லை என்று மறுபடியும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் நிறத்தைப் பார்த்துத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, கிளப் செயலாளரைப் போய்ப் பார்த்தேன்.

அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "எல்லாருக்கும்தான். எனக்கும் உண்டு. நேரம் குறிக்க வருகிற என் அப்பாவுக்கும் உண்டு. அவருக்கு எண்பது வயது. பிள்ளைகளின் பக்கத்தில் போகிற எந்தப் பெரியவரையும் நாங்கள் விசாரிக்காமல் விடுவதில்லை."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கினால் வரும் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், நான் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறை நினைவுக்கு வந்துவிட்டது. அந்த அறையின் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

2

போலீஸ் கடிதம் மட்டும் போதாது. இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றிலும் உட்கார வேண்டும். விளையாட்டுப் பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடக்காமல் தடுப்பது எப்படி என்று பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் நடத்தும் வகுப்பு. நடத்தியவள் இங்க்ரித் என்ற பெண். ஒரு காலத்தில் கைப்பந்து ஆடியவள். இப்போதும் தோள் கதவு அகலம்.

"முதலில் ஒவ்வொருவரும் உங்கள் கிரென்ஸெயைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றாள்.

கிரென்ஸெ என்றால் எல்லை. அந்தச் சொல்லை நான் விமான நிலையத்திலும் குடியேற்ற அலுவலகத்திலும் மட்டுமே கேட்டிருக்கிறேன். என் முறை வந்ததும், "எனக்கு நிரந்தர அனுமதி உண்டு. அட்டை வீட்டில் இருக்கிறது" என்றேன். நாலைந்து பேர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்று தெரிந்து காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். இங்க்ரித் சிரிக்கவில்லை. "நாட்டுக்கு இருப்பது போல உடம்புக்கும் எல்லை இருக்கிறது. உள்ளே வருகிறவர் அனுமதி கேட்க வேண்டும்" என்றாள்.

பிறகு விதிகளைச் சொன்னாள். கதவு சாத்திய அறையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. காயத்துக்கு மருந்து தேய்ப்பதானால் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பயிற்சியாளர் தங்கும் அறைக்குப் பிள்ளை போகக் கூடாது. 'வேண்டாம்' என்று சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் அணியிலிருந்து நீக்கப்படக் கூடாது. ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால், 'நிஜமாகவா?' என்று கேட்காதீர்கள். அது சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

அந்த அறையில் நான் ஒருத்திதான் குறிப்பெடுத்தேன். இங்க்ரித்துக்கு மகிழ்ச்சி. ஒவ்வொரு விதிக்கும் எதிரே, தனபால் மாஸ்டர் அதை எந்த வகுப்பில், எந்த ஊரில், எந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு மீறினார் என்று நான் எழுதிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. வகுப்பு முடிந்தபோது ஒரு விதிகூட மிச்சமில்லை.

மீராவின் வயதுப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடந்திருக்கிறது. மறுநாள் காலையில் வழக்கம்போல அவள் தலைமுடியைப் பிடித்துப் பின்னப் போனேன். அவள் விலகிக்கொண்டு நார்வேஜிய மொழியில், "அம்மா, கேட்டுவிட்டுத் தொடு" என்றாள். நான் தமிழில் பேசினால் அவள் அந்த மொழியில் பதில் சொல்வது இரண்டு வருடமாக நடப்பதுதான். ஆனால் அன்றைக்குச் சுருக்கென்றது.

"பெத்தவ கேக்கோணுமாடி?"

"பயிற்சியாளர் கேட்கிறாரே. என் முழங்காலைப் பிடித்துக் காட்டுவதற்கு முன்னால் 'தொடலாமா' என்கிறார். வேண்டாம் என்றால் தள்ளி நின்று தன் காலில் செய்து காட்டுகிறார்."

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற மகள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் வந்தது.

3

தனபால் மாஸ்டர் என்று எழுதியிருக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. சொந்தப் பெயரையே போட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் பெயர் வந்தால் சில சிறுமிகள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அவர்களுக்காக விட்டேன். அவருக்காக இல்லை.

நானும் சித்ராவும் மலையிலிருந்து இறங்கி ஒரே பள்ளியில் சேர்ந்தோம், ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். மிளகுக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கிய கால்கள் எங்களுக்கு. நான் மூவாயிரம் மீட்டர் ஓடினேன். சித்ரா ஆயிரத்து ஐநூறு. என்னைவிட அவள் நன்றாக ஓடுவாள். கடைசிச் சுற்றில் அவள் ஓடுவதைப் பார்க்கச் சமையல்கார அம்மாள்கூட அடுப்பை விட்டு வந்து நிற்பாள்.

"மலைக்காரப் புள்ளைகளாட்ட ஓட ஆளே இல்ல" என்று மாஸ்டர் எல்லாரிடமும் சொல்வார். எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை என்று இப்போது தெரிகிறது. எங்கள் அப்பன் ஆத்தாள் மாதம் ஒரு தடவைதான் பஸ் ஏறி வருவார்கள். வந்தாலும் வாத்தியார் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

காலில் சுளுக்கு என்றால் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று சாமான் அறைக்குக் கூப்பிடுவார். கதவைச் சாத்துவார். அவ்வளவு எழுதினால் போதும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அது மூன்று தடவை நடந்தது. "வெளிய சொன்னா ரெண்டு பேரும் மலைக்கே போயி மரவள்ளி புடுங்கோணும். ஓட்டமும் இல்ல, படிப்பும் இல்ல" என்பார். நான் சொல்லவில்லை. சித்ராவுக்கும் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

பத்தாம் வகுப்பில், மண்டலப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சித்ரா நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். தனியாகப் போனாள். பதினைந்து வயது அவளுக்கு. அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தனபால் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்ரா சுவர் ஓரமாக நின்றாள்.

"இந்தப் புள்ள என்னென்னமோ சொல்லுது. உனக்கும் நடந்துச்சுங்குது. நெசமா?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

"நீ எதாச்சும் பாத்தியா?"

"இல்லீங்க."

சித்ரா என்னைப் பார்த்தாள். அந்த வாரமே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்கிற பிள்ளை, புத்தி கெட்ட பிள்ளை என்று பேர் வைத்தார்கள். பதினேழு முடியும் முன்னே கல்யாணம் ஆயிற்று. நான் மண்டலத்தில் ஜெயித்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் நர்சிங் இடம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் தனபால் மாஸ்டர். அந்தப் படிப்பில்தான் நான் கடல் தாண்டி வந்தேன்.

4

போலீஸ் கடிதம் கைக்கு வந்த வாரத்தில் என் அண்ணன் போன் செய்தார். அவரும் அதே பள்ளியில் படித்தவர். மலையில் மிளகு வியாபாரம் செய்கிறார்.

"அம்மிணி, தனபால் மாஸ்டர் ரிட்டயர் ஆயிட்டாருல்ல, இப்ப நம்ம மலைக்கே வந்து புள்ளைகளுக்குச் சும்மாவே ஓட்டம் சொல்லிக்குடுக்கறாரு. பழைய மாணவருங்க எல்லாஞ் சேந்து வாசலூர்பட்டில பாராட்டு விழா வெக்கறோம். நீ வெளிநாட்டுல இருந்து ரெண்டு வார்த்தை பேசி வீடியோ அனுப்பு. உம் பேரச் சொன்னாலே அவருக்கு மூஞ்சி மலந்துருது."

"எத்தன புள்ளைக வருதுங்கண்ணா அவருகிட்ட?"

"முப்பது இருக்கும். எல்லாம் பொட்டப் புள்ளைகதான். பசங்கள சேத்துக்கறதில்லீங்கறாரு. பசங்க சொன்ன பேச்சுக் கேக்க மாட்டாங்களாம்."

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ சூடாக, நிம்மதியாக உட்கார்ந்தது. இருபத்தைந்து வருடமாக இடம் தேடிக்கொண்டிருந்த ஒன்று அது.

"வீடியோ எதுக்குங்கண்ணா? நானே வாரேன். அங்க புள்ளைகளுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தறேன். இங்க விளையாடற புள்ளைகளுக்குப் பாதுகாப்பா இருக்கறதப் பத்தி ஒரு வகுப்பு வெப்பாங்க. அத நம்ம பேச்சுல சொல்றேன்."

அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கே நோட்டீசில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

கணவரிடம் சொன்னேன். "இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு?" என்று கேட்டார். ஆனாலும் டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். மீராவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்குப் புரியும் மொழியில், எனக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கொண்டு சொன்னேன். அந்த ஆள் என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை.

"உன் தோழி சொன்னாள். நீ பொய் சொன்னாயா?"

"ஆமாம்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அப்படி: தோழி சொன்னால் பக்கத்தில் நில். பதின்மூன்று வயதில் அவளுக்குத் தெரிந்தது எனக்குப் பதினைந்தில் தெரியவில்லை. விமான நிலையத்தில் பெட்டியைப் போடும்போதுதான் வாய் திறந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய தமிழ்.

"அம்மா, நீ சத்தம் பேசு."

சத்தமாகப் பேசு என்று சொல்ல வந்தாள். நான் திருத்தவில்லை.

5

சித்ரா வாசலூர்பட்டி படகுத்துறை ஏரிக்கு எதிரே அன்னாசிப் பழமும் வறுத்த மரவள்ளிச் சிப்ஸும் விற்கும் கடை வைத்திருந்தாள். கணவர் இல்லை. கல்யாணம் ஆன பெண் ஒருத்தி சேலத்தில் இருக்கிறாள். விழாவுக்கு முதல் நாள் அவளைப் பார்க்கப் போனேன். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நிற்கும்போது இன்னும் ஒரு காலை முன்னால் வைத்துத்தான் நின்றாள்.

சுற்றுலாக்காரர்களுக்கு அன்னாசியைச் சீவி உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுத்து அனுப்பும் வரை என்னை நிற்க வைத்தாள். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே, "வந்துட்டியா?" என்றாள்.

நான் செய்யப் போவதைச் சொன்னேன். "நீயும் வந்து என் பக்கத்துல நில்லு சித்ரா. ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம்" என்றேன்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"உனக்கு இப்பத்தான் கோவம் வந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு."

"இருந்து என்ன பண்ணுச்சு? எனக்கு அவன்மேல இருக்கற கோவம் ஒரு பங்குன்னா உம்மேல ரெண்டு பங்கு. அவன் நாயி. நாயி கடிக்கத்தான் செய்யும். நீ எம் பாயில படுத்தவ."

"என்னைத் திட்டு. அடி வேணும்னாலும் அடி."

"அடிச்சா எனக்குக் கை நோவும். போ." கத்தியைத் துணியில் துடைத்தாள். "நான் வரமாட்டேன். நான் ஒருக்கா சொல்லிட்டேன், ஊரே கேட்டுச்சு. இந்தத் தடவ உன் முறை. தனியாச் சொல்லு. தனியாச் சொன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கோ."

கிளம்பும்போது பழைய உரிமையில் ஒரு அன்னாசிப் பழத்தைக் கையில் எடுத்தேன். "இத வித்தா நாப்பது ரூவா. வெச்சுட்டுப் போ" என்றாள். பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

6

ஏரிக்கரைக்கு மேலே உள்ள மண்டபத்தில் விழா. வாசலில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு கட்டியிருந்தார்கள். முன் வரிசைகளில் நீல நிற ஓட்டச் சட்டை போட்ட முப்பது சிறுமிகள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். மேடையில் நடு நாற்காலியில் தனபால் மாஸ்டர். தலை நரைத்திருந்தது. தொப்பை வைத்திருந்தது. சிரிப்பு மாறவில்லை.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "மலைக்கே பேரு வாங்கிக்குடுத்த நம்ம மஞ்சுளா" என்று அண்ணனின் நண்பர் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்தினார். போட்டோக்காரர் சேர்ந்து நிற்கச் சொன்னார். மாஸ்டர் எழுந்து வந்து, "எம் புள்ளையாட்ட" என்று சொல்லிக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

கையில் மைக் இருந்தது. "மாஸ்டர், கேட்டுட்டுத் தொடுங்க" என்றேன்.

மண்டபமே சிரித்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்தார்கள். அவர் கை மட்டும் தோளிலிருந்து இறங்கிவிட்டது.

"சிரிக்காதீங்க. இதுதான் முதல் பாடம். எல்லாப் புள்ளைகளும் சொல்லுங்க பாக்கலாம். என்ன கேட்டுட்டுத் தொடுங்க."

சிறுமிகள் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று முறை சொல்ல வைத்தேன். ஒவ்வொரு முறையும் நான் மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

"ரெண்டாவது பாடம். கால்ல சுளுக்குன்னு சொல்றீங்க. எண்ணெ தேச்சு உடறேன்னு ஒருத்தரு ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவச் சாத்தறாரு. என்ன பண்ணுவீங்க?"

இரண்டாவது வரிசையில், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி பாதி எழுந்து கேட்டாள். பன்னிரண்டு வயது இருக்கும்.

"மாஸ்டரு கூப்பிட்டாலுமாங்க அக்கா?"

நான் மேடையின் ஓரத்துக்கு வந்தேன்.

"மாஸ்டரு கூப்பிட்டாலுந்தான் கண்ணு. கதவத் தொறந்துட்டு வெளிய ஓடி வந்துரு. நீ ஓடறதுக்குத்தான ஓட்டம் பழகற."

அதற்குப் பிறகு நான் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்க்கவில்லை. "நான் ஒம்பதாவது படிக்கறப்ப இந்த மேடையில உக்காந்திருக்கற தனபால் மாஸ்டர் என்ன அப்படித்தான் கூப்பிட்டாரு. மூணு தடவ. என்கூட ஓடுன புள்ள ஒருத்தி தைரியமா எச்செம்முகிட்டப் போயிச் சொன்னா. என்னக் கேட்டாங்க. நான் இல்லீங்கன்னு பொய் சொன்னேன். அவ சொன்னது அத்தனையும் நெசம். பொய் சொன்னவ நான்..."

மைக் அணைந்துவிட்டது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் மூவாயிரம் மீட்டர் ஓடிய நெஞ்சு எனக்கு. மிச்சத்தைக் கத்தியே சொன்னேன். அண்ணன் மேடைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டத்தில் சிலர் எழுந்து நின்றார்கள், சிலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மாஸ்டர் ஒலிபெருக்கி திரும்ப வந்ததும் எழுந்து நின்று கரகரத்த குரலில் சொன்னார்: "பாவம், நல்ல புள்ள. குளுரு நாட்டுல தனியா இருந்து புத்தி பேதலிச்சுப் போச்சு. நாம கோவிச்சுக்கக் கூடாது." கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். சாப்பாடும் போட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன், "ஊருக்குள்ள எப்படி அம்மிணி நான் இனித் தலை நிமுந்து நடக்கறது? பாத்துப் பேசியிருக்கக் கூடாதா?" என்று புலம்பினார். தோற்றுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நிமிடம் மாஸ்டரின் முகம் வெளிறியதைப் பார்த்தேன், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று.

7

மறுநாள் காலையில் ஒரு பெண் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சாமைக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்த கை, மண்ணோடு இருந்தது. கூட, இரட்டைச் சடைச் சிறுமி.

"ஏனுங்க, நேத்துப் பாடம் நடத்துனவங்க நீங்கதானுங்களா? இவ சாயங்காலம் ஊட்டுக்கு வந்ததும் அழுதுட்டே எல்லாஞ் சொல்லிட்டாளுங்க. மாஸ்டரு கூப்பிட்டா ஓடியாரலாம்னு அந்தக்கா சொல்லுச்சு, எனக்கு முன்னாடியே தெரியலியேம்மாங்கறாளுங்க."

நான் சிறுமியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளைத் தொடவும் இல்லை. "நீ சொன்னது நல்லது சாமி. நான் உன்ன நம்பறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு வாக்கியம் இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாராவது சித்ராவிடம் சொல்லியிருக்க வேண்டியது. நான் சொல்லியிருக்க வேண்டியது.

மூவரும் மலை பஸ் ஏறிக் கீழே இறங்கினோம். மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா சிறுமி பேசியதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார். என்னுடையதையும் கேட்டார். "உங்களது ரொம்பப் பழசுங்க மேடம். தனி கேசு நிக்காது. ஆனா சாட்சியாச் சொல்லலாம்" என்றார். சொல்கிறேன் என்றேன். நான்கு நாளில் இன்னொரு சிறுமியின் அப்பா தானாக வந்து புகார் கொடுத்தார். தனபால் மாஸ்டரை அவருடைய வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். சால்வை இன்னும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது என்று அண்ணன் சொன்னார். அவர் குரலில் முதல் தடவையாக வெட்கம் இருந்தது.

பிறகு தூது வந்தது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நல்லது, பிள்ளையின் பேர் கெட்டுவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாமைக் காட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறார்கள். அந்தத் தாய் களைக்கொட்டைக் கீழே வைக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள்: "எம்புள்ள பந்தயத்துல தோத்தா நான் ஒத்துக்குவனுங்க. இதுல ஒத்துக்க மாட்டனுங்க."

நான் நார்வே திரும்பினேன். விசாரணை வந்தபோது, தூதரகம் மூலமாக வீடியோவில் சாட்சி சொல்லலாம், அதற்கு இன்னின்ன படிவம் என்று எழுதினார்கள். படிவங்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றேன். பத்தடி தூரத்தில் நின்று அவர் என்னைப் பார்க்க வேண்டும். மறுபடி விடுப்புப் போட்டுவிட்டு நாமக்கல் கோர்ட்டுக்குப் போனேன். சிறுமிகள் பேசும்போது அவர் முகம் தெரியாமல் திரை போட்டார்கள். எனக்குத் திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய வக்கீல் கேட்டார்: "தலைமையாசிரியர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்க. இப்ப ஆமான்னு சொல்றீங்க. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னது பொய்ங்க. எனக்குச் சீட்டு வேணுமுன்னு சொன்ன பொய். அதுக்கு எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. அவருக்கு உண்டானத அவருக்குக் குடுங்க."

தனபால் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிரும் வரை நான் கூண்டை விட்டு இறங்கவில்லை. நீதிபதி இரண்டு தடவை, "நீங்க போகலாம்" என்றார். மூன்றாவது தடவைக்கு முன் அவர் நிமிர்ந்தார். அதன் பிறகுதான் இறங்கினேன்.

8

இப்போது ஒவ்வொரு விடுப்பிலும் மலைக்குப் போய்ப் பள்ளி பள்ளியாக அந்த வகுப்பை நடத்துகிறேன். ஓடுகிற பிள்ளைகள், கபடி ஆடுகிற பிள்ளைகள், ஒன்றும் ஆடாத பிள்ளைகள், எல்லாருக்கும். பையன்களையும் உட்கார வைக்கிறேன், வாத்தியார்களையும் உட்கார வைக்கிறேன். ஒரு பள்ளியில் எனக்கு மாலை போட்டு, 'சேவை' என்று பேசினார்கள். நான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, இது சேவை இல்லை என்று சொன்னேன். ஒவ்வொரு சிறுமி 'என்ன கேட்டுட்டுத் தொடுங்க' என்று சொல்லும்போதும் எனக்குள் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பழிவாங்கும் ஆசை இல்லாவிட்டால், இரண்டு விமானமும் ஒரு ரயிலும் மாறி, கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு நான் ஏறியிருக்க மாட்டேன். நல்ல மனசு அவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மன்னித்துவிட்டால் மனம் லேசாகும் என்று இங்கே முதியோர் இல்லத்துப் பாதிரியார் சொன்னார். என் மனம் கனமாகவே இருக்கட்டும் என்றேன்.

போன மாதம், வேலையில் இருக்கும்போது அண்ணனின் போன் வந்தது. மருந்து வைக்கும் அறைக்குள் போய்ப் பேசினேன். தீர்ப்பு வந்துவிட்டது. ஏழு வருடம். அண்ணன் அழுதார். நான் அழவில்லை. போனை வைத்துவிட்டுச் சித்ராவைக் கூப்பிட்டேன். அன்னாசிக் கடையில் பார்த்ததற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. கோர்ட்டுக்கும் வரவில்லை. எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

"நான் மஞ்சுளா. தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஏழு வருசம் போட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் யாரோ அன்னாசிக்கு விலை கேட்பது கேட்டது.

"செரி. ஏவாரம் நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைக்கூடத்தில் பாதி தூரம் போயிருப்பேன். போன் அடித்தது. சித்ராதான். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. கடைசிச் சுற்று ஓடி முடித்தவள் போல.

"எத்தன வருசம்னு சொன்ன?"

"ஏழு."

"இன்னொருக்கா சொல்லு."

"ஏழு வருசம் சித்ரா."

"இன்னொருக்கா."

வண்டியை நிறுத்தினேன். வாசல்களில் கிழவர்களும் கிழவிகளும் எட்டிப் பார்த்தார்கள். புரியாத மொழியில் ஒருத்தி ஒரே வார்த்தையைக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் போதும் என்று சொல்லும் வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.